மூன்றாம் வளைவில் ஈரம்

மண்ணை இறுக்குகிற திமிசைத் தூக்கிப் போட்டால் தரை பதில் சொல்கிறது. கெட்டியான இடத்தில் டொக் என்று ஒரே சொல், கைப்பிடி வழியாக முழங்கைவரை ஏறி நின்றுவிடும். இங்கே, மூன்றாம் வளைவு திரும்பி மரநிழல் விழுகிற இந்த ஓரிடத்தில் மட்டும், தொப் என்கிறது. மறுபடி போடுகிறேன், தொப். இரண்டடி தள்ளிப் போட்டால் டொக். திரும்ப இங்கே வந்தால் தொப். குனிந்து விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். வாரம் முழுக்க சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மற்றவர்களின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடித் தேடி இந்த விரல்நுனிக்கு ஒரு தனிப் புத்தி வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாததை இது முதலில் சொல்லும். மேலே கல்தூள் காய்ந்து வெள்ளையாக இருக்கிறது, அடியில் குளிர்ச்சி. எங்கோ மேட்டிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்து மண்ணுக்குள்ளேயே வந்து இங்கே தேங்குகிறது. தோண்ட வேண்டும், சேற்றை வாரிக் கொட்ட வேண்டும், அடியில் பெரிய கல் அடுக்கி அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல்தூள், தண்ணீர் போக ஓரத்தில் ஒரு வழி. பாதி காலை போய்விடும். இல்லையென்றால் மேலே இன்னும் இரண்டு சட்டி தூளைக் கொட்டித் தட்டிவிட்டால் பார்வைக்கு எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கும். நிமிர்ந்து நிற்கிறேன். இடுப்பு வலிக்கிறது. இடுப்பு வலிப்பது நன்றாக இருக்கிறது, இது எனக்காக வந்த வலி. மற்ற நாளெல்லாம் வருகிற வலி வீட்டுக்காரரைத் தூக்கி, சாய்த்து, புரட்டி வருகிற வலி, அதில் எனக்குப் பங்கு கிடையாது. இன்றைக்கு அவர் வருகிறார். பக்கத்து வீட்டு ரவீந்திரன் தன் காரில் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான், மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் மேலே கம்பியைப் பிடித்துக்கொள்வார், கால்கள் தாமாக ஒரு பக்கம் சாயும், அவர் அதைக் கையால் எடுத்து நேராக வைப்பார், ஏதோ பையை எடுத்து வைக்கிற மாதிரி.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் காற்றுப்பாறைவரை போகும்படி ஒரு வழி. அதுதான் நாங்கள் போடுவது. வனத்துறை அனுமதி கொடுத்தது, ஆல்பர்ட் சார் கோடு போட்டார். நெடுஞ்சாலை வேலையில் அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சமம் பார்க்கிற ரசமட்டத்தை ஒரு குழந்தையைப் போலக் கைத்துண்டில் சுற்றி எடுத்து வருகிறார். நேராகப் போனால் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாறைக்கு நாங்கள் மலையைச் சுற்றி வளைத்து வளைத்துப் போகிறோம், ஏற்றமே தெரியக்கூடாது என்று. கரப்பான் பூச்சிகூட மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பார். உண்ணிச்செடியை வெட்டினோம், வேரைப் பிடுங்கினோம், ஓரத்தில் சக்கரம் நழுவாமல் இருக்கக் கல்வரிசை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்துப்பன்னிரண்டு பேர் வருவார்கள், இன்று மேலே பாறைப் பக்கம் வேலை என்பதால் எல்லோரும் அங்கே. இந்த வளைவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தனியாக இருக்கலாமே என்று. தனியாக என்ற சொல்லை நினைத்ததும் யாரோ கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன், சில்வர் ஓக் மரங்கள், ஒரு அணில், வேறு யாருமில்லை. நான் முதல்முறை இங்கே வந்தபோது எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். வீட்டுக்காரருக்காக வழி போடுகிறாள், எவ்வளவு பாசம். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறு எதற்கு என்று கேட்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வர, யாரும் கூப்பிடாத ஒரு காலைப் பொழுது கிடைக்க, மண்ணில் ஓங்கி அடிக்க. கோதை, தண்ணி. கோதை, ஜன்னலச் சாத்து. கோதை, இத கொஞ்சம் நகத்து. அவர் கத்துவதில்லை, அதுதான் கஷ்டம், மெதுவாகத்தான் கூப்பிடுவார், நான் வர நேரமானால் மன்னிப்புக் கேட்பார். அந்த மன்னிப்பைக் கேட்கக்கூடாது என்பதற்காகவே நான் ஓடுவேன்.

அவர் விழுந்த அன்று காற்று பலமாக அடித்தது. மொட்டைமாடித் தொட்டியின் மூடி படபடவென்று அடித்துக்கொள்கிறது, கட்டிவிட்டு வருகிறேன் என்று ஏணியில் ஏறினார். நான் சமையலறையில் பருப்பு வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. அரிசி மூட்டையை இறக்குகிறார்கள், மாடிவீட்டுக்கு மூட்டை வந்திருக்கிறது, இந்தக் காற்றில் போய் இறக்குகிறார்களே என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்தச் சின்ன நேரம், அதில் நான் சுகமாக இருந்தேன், அதுதான் கடைசி என்று தெரியாமல் அடுப்பைத் தணித்தேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம். குமரகுரு என்றால் தெரு முழுக்கத் தெரியும், டிராக்டர் உதிரிபாகக் கடையில் விற்பனை பார்த்தவர், ஓரிடத்தில் நிற்கமாட்டார், சாப்பிடும்போதுகூட எழுந்து போய்ப் பேசிவிட்டு வருவார். இப்போது கடைக்காரர் வீட்டுக்கே தொலைபேசி இணைப்பு கொடுத்து ஆர்டர் எடுக்கச் சொல்லியிருக்கிறார். நாள் முழுக்க அவர் குரல் வீட்டில் இருக்கிறது. நான் வேலையிலிருந்து வந்தால் அவர் குரல், குளித்தால் கதவுக்கு வெளியே அவர் குரல். ஞாயிறு காலையில் அவருக்கு வேண்டியதையெல்லாம் முடித்து, இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்து, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் வைத்துக் கிளம்புகிறேன். சாயங்காலம் திரும்பினால் அவர் எதுவும் கேட்பதில்லை. எப்படி இருந்தது என்றுகூடக் கேட்பதில்லை, டிவியைப் பார்த்தபடி இருப்பார். கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன். கோபம் இருந்தால் இருக்கட்டும் என்றும் எடுத்துக்கொண்டேன். எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், ஒப்புக்குத்தான். மலையாவது வழியாவது, நீ போயிட்டு வா என்பார். நானும் அதற்குமேல் கேட்கமாட்டேன். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரசத்தை ஊற்றப் போன என் கையைப் பார்த்தபடி சொன்னார்.

“நாளைக்கு நானும் வரேன்.”

“எங்கீங்க?”

“உன் வழிக்குத்தான். ரவீந்திரன்கிட்டச் சொல்லிட்டேன். நீ பஸ்ல முன்னாடி போ.”

“சரிங்க,” என்றேன். ரசம் தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது, துடைத்தேன். உன் வழி என்றார். அந்தச் சொல் இரவு முழுக்க என்னோடு படுத்துக் கிடந்தது. வந்து பார்ப்பார், பிடித்துப்போகும், பிடித்துப்போகாமல் இருக்க நியாயமில்லை, பாறையில் நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும், ஏரிகள் கண்ணாடித் துண்டு மாதிரி கிடக்கும். அடுத்த ஞாயிறும் வருவார். அதற்கடுத்த ஞாயிறும். பஸ் கிடையாது, கார். ஜன்னலோரம் கிடையாது, பின்சீட்டில் அவர் சாயாமல் பிடித்துக்கொண்டு நான். மருந்துப் பை, மாற்றுத்துணி, துண்டு. மலையிலும் கோதை தண்ணி. நாற்காலி வரும்படியாக ஒரு மலையை நானே என் கையால் தட்டித் தட்டிச் சமமாக்கி வீட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். சிரிப்பு வருகிறது. சிரிக்கிறேன், அணில் ஓடிவிடுகிறது. முன்சக்கரம் சின்னது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இந்த ஈரத்தில் ஏறினால் புதையும். ஒரு தடவை புதைந்தால் போதும், அவரை எனக்குத் தெரியும், சரி திரும்பிரலாம், இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்பார், மன்னிப்புக் கேட்பார், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் இந்தப் பக்கம் வரமாட்டார். அவ்வளவுதான். யாரும் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் கசிகிறது, மண் இளகுகிறது. நான் சட்டியை எடுத்துத் தூளைக் கொட்டுகிறேன். இன்னொரு சட்டி. பலகையால் இழுத்துச் சமப்படுத்துகிறேன். திமிசை மெதுவாக வைத்து வைத்து எடுக்கிறேன், ஓங்கிப் போட்டால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அழகாக இருக்கிறது. இந்த வழியிலேயே இவ்வளவு அழகாக ஓரிடம் கிடையாது.

ஆல்பர்ட் சார் மேலிருந்து இறங்கி வருகிறார், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு. “முடிஞ்சிருச்சாம்மா?” என்கிறார். முடிஞ்சுதுங்க சார் என்று என் வாய் சொல்கிறது. அவர் அதன்மேலேயே நடந்து வருகிறார், செருப்புக் காலுக்கு எதுவும் தெரியவில்லை. ரசமட்டத்தைக் கைத்துண்டிலிருந்து பிரித்து வைத்துப் பார்க்கிறார். குமிழி நடுவில் நிற்கிறது. “பிரமாதம்,” என்கிறார். “யாஸ்மின் வந்துட்டா. கீழ நாற்காலிய இறக்கிட்டு இருக்கா. முதல்ல அவ ஓட்டிப் பாத்துரட்டும், அப்புறம் உங்க வீட்டுக்காரரு.” அவர் கீழே இறங்கிப் போகிறார். நான் அங்கேயே நிற்கிறேன். யாஸ்மின். அவளை நான் மறந்தே போயிருந்தேன், அல்லது நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். ஒரு கல்லூரியில் நூலகர், சின்ன வயதிலிருந்தே நாற்காலிதான், ஒவ்வொரு துண்டு முடிந்ததும் வந்து ஓட்டிப் பார்த்து இங்கே சரியில்லை, அங்கே சாய்வு என்று சொல்லிவிட்டுப் போவாள், நாங்கள் பிடுங்கித் திரும்பப் போடுவோம். போன மாதம் நான் பழக்க தோஷத்தில் அவள் பின்னாலேயே போனேன், கை தானாக நாற்காலியின் பிடியை நோக்கி நீண்டது. “அக்கா, பின்னாடி வராதீங்க,” என்றாள் திரும்பாமலே. “நீங்க வந்தா எனக்கு உங்க ஞாபகமாவே இருக்கும். பாதை எப்படி இருக்குன்னு தெரியாது.” நான் நின்றுவிட்டேன். அவள் வளைவில் திரும்பி மறைந்தாள், வேகமாக, எங்களை யாரையும் எதிர்பார்க்காத வேகம். அவள் வேகமாகத்தான் ஓட்டுவாள். முன்சக்கரம் சட்டென்று புதைந்தால் நாற்காலி நிற்கும், ஆள் நிற்கமாட்டாள். எங்கள் வீட்டு வாசல் சரிவில் சக்கரம் ஒரு கல்லில் தடுக்கி அவர் ஒருமுறை முன்னால் போய் விழுந்தார், கைகளை நீட்டியபடி, முகம் தரையில் படுமுன் ஒரு வியப்பு இருந்தது அதில், அதைப் பார்த்தேன். அங்கே சிமெண்ட் தரை, அரை அடி உயரம். இங்கே கல்வரிசைக்கு அந்தப் பக்கம் சரிவு, கீழே காப்பிச் செடிகள், அதற்குக் கீழே என்ன என்று நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்க்கிறேன். பாறைகள். பாறைகள் எப்போதும் இருந்திருக்கின்றன. திரும்பிப் போவார் என்றுதான் நினைத்தேன், விழுவார் என்று நினைக்கவில்லை. உண்மையிலேயே நினைக்கவில்லையா. திரும்பிப் போவது, விழுவது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், விரல்நுனி அளவா. விரல்நுனியைப் பார்க்கிறேன், தூள் ஒட்டியிருக்கிறது. கடப்பாரையை எடுத்து அந்த அழகான இடத்தின் நடுவில் இறக்குகிறேன்.

மனது மாறியதாகச் சொல்லமாட்டேன். அவர் வரக்கூடாது என்று இப்போதும்தான் நினைக்கிறேன், நினைத்துக்கொண்டே தோண்டுகிறேன், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. முதல் மண் வெள்ளை, அடுத்தது சாம்பல், அதற்கடுத்து கறுப்பாகச் சேறு, கையை விட்டால் மணிக்கட்டுவரை போகிறது. வாரி வாரி மேட்டுப்பக்கம் எறிகிறேன். மேட்டுப்பக்கக் கரையிலிருந்து ஒரு நூல் மாதிரித் தண்ணீர் வெளியே வருகிறது, இத்தனை நாள் உள்ளே ஒளிந்திருந்தது, வெளிச்சத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஓடுகிறது. அதற்கு ஓரமாக வாய்க்கால் கீறிவிடுகிறேன். கீழே யாஸ்மினின் குரல், ஆல்பர்ட் சாரின் குரல், கார்க் கதவு சாத்துகிற சத்தம். இன்னொரு குரல். அந்தக் குரலை எங்கே இருந்தாலும் என் முதுகு முதலில் கேட்கும். “இன்னும் ஆகலைங்க சார், யாரையும் மேல விட்றாதீங்க, அடியில ஈரம் இருக்குது,” என்று கீழ்நோக்கிக் கத்துகிறேன். ஆனால் சக்கரங்கள் கல்தூளில் நறநறவென்று வரும் சத்தம் நிற்கவில்லை, வருகிறது, விட்டுவிட்டு வருகிறது, இரண்டு தள்ளு, ஓய்வு, இரண்டு தள்ளு, ஓய்வு. வளைவில் அவர் தெரிகிறார். பின்னால் யாருமில்லை. சட்டை முதுகோடு ஒட்டி, முகம் சிவந்து, கைகள் முழுக்க வெள்ளைத் தூள். நான் முழங்கால்வரை சேற்றில் குழிக்குள் நிற்கிறேன். அவரை இப்படி உயரத்தில் வைத்துப் பார்த்து மூன்று வருஷமாகிறது.

“அந்தப் பொண்ணு சொல்லிருச்சு, யாரும் தள்ளக் கூடாதாம்,” என்கிறார் மூச்சு வாங்கிக்கொண்டே.

“அங்கேயே நில்லுங்க. இங்க ஈரம்.”

“தெரியுது.” பிரேக்கைப் போட்டுக்கொள்கிறார். நான் கல் அடுக்குகிறேன். பெரிய கல் அடியில், இடுக்கில் சின்னக் கல், ஆட்டிப் பார்த்து ஆடாமல் இருந்தால் அடுத்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணி கேட்பார் என்று காத்திருக்கிறேன், கேட்கவில்லை. “இது எப்ப முடியும்?” என்கிறார்.

“இதா? ஒரு மணி நேரத்துல.”

“இது இல்ல. முழு வழி.”

“மழைக்கு முன்னாடி முடிச்சிரணும்னு ஆல்பர்ட் சார் சொல்றாரு.”

“முடிஞ்ச பிறகு?”

“முடிஞ்ச பிறகு என்னங்க?”

“ஞாயித்துக்கிழமை நீ வீட்ல இருப்பியா?” என்கிறார். வந்துவிட்டது. கெஞ்சப் போகிறார், நான் இருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன், சொல் தொண்டைவரை வந்துவிட்டது, கையில் இருந்த கல்லைக் கீழே வைக்கிறேன். அவர் என்னைப் பார்க்காமல் காப்பிச் செடிகளைப் பார்த்துச் சொல்கிறார். “வேற எங்கயாவது இதே மாதிரி வேலை இருக்குதான்னு அவர்கிட்டக் கேளு. அதக் கேக்கத்தான் வந்தேன்.”

“ஏங்க?”

“தப்பா எடுத்துக்காத, கோதை. நீ இல்லாதப்ப வீடு நல்லா இருக்குது.”

தண்ணீர் வாய்க்காலில் போகிற சத்தம் இப்போது தெளிவாகக் கேட்கிறது.

“நீ இருந்தா நான் கூப்பிடறேன். கூப்பிடாம இருக்கணும்னு பாக்கறேன், முடியல, நீ இருக்கறன்னு தெரிஞ்சாலே வாய் தன்னால கூப்பிடுது. நீ இல்லைன்னா நானே எடுத்துக்கறேன். முட்டை பொரிச்சேன். நல்லாவே இல்ல. உக்காந்து முழுசும் சாப்பிட்டேன்.” கையில் ஒட்டிய தூளைத் தட்டுகிறார். “ஒருநாள் ஹால்ல விழுந்துட்டேன்.”

“எப்ப?”

“பொங்கலுக்கு முன்னாடி. நாற்காலி ஒரு பக்கம் போயிருச்சு. கட்டிலப் பிடிச்சு, சோபாவப் பிடிச்சு, ஏறி உக்கார மத்தியானம் ஆயிருச்சு. ஏறிட்டேன்.”

“போன் பண்ண வேண்டியதுதானே. எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அடுத்த வாரம் நீ இங்க வந்திருக்கமாட்ட.”

உடம்பு முழுக்கச் சில்லென்று ஒன்று ஓடுகிறது, அது பயமா கோபமா என்று பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க அது வேறாகிக்கொண்டே போகிறது. பொங்கலுக்கு முன்னால் எந்த ஞாயிறு. நான் எந்த வளைவில் இருந்தேன், டீ குடித்துக்கொண்டிருந்தேனா, சிரித்துக்கொண்டிருந்தேனா, அவர் தரையில் கிடந்து கட்டில்காலை எட்டிக்கொண்டிருந்தார். நான் இல்லாத வீட்டில் அவர் சுகமாக இருந்திருக்கிறார். நான் மட்டும்தான் திருடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். முதலில் எரிகிறது, இவ்வளவு தூக்கி, இவ்வளவு புரட்டி, கடைசியில் நீ இல்லாதப்ப நல்லா இருக்குதா. எரிந்தது தணிய நேரமாகிறது. தணிந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, அழுத்திப் பார்க்கவும் பிடிக்கவில்லை. “முதல்ல இத நான் மூடிட்டேன்,” என்கிறேன் குழிக்குள்ளிருந்து.

“எத?”

“இந்த ஈரத்த. மேல தூளப் போட்டு மூடிட்டேன். சக்கரம் புதைஞ்சா நீங்க திரும்பிப் போயிருவீங்கன்னு.”

அவர் குழியைப் பார்க்கிறார், என் முழங்காலைப் பார்க்கிறார், கல்வரிசைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். நீண்ட நேரம் பார்க்கிறார். மேலே யாரோ கல் உடைக்கிறார்கள், அந்தச் சத்தம் எதிர்மலையில் பட்டுத் தாமதமாக இன்னொரு தடவை கேட்கிறது. “அப்புறம்?” என்கிறார்.

“அப்புறம் தோண்டிட்டேன்.”

தலையசைக்கிறார். சட்டியில் கிடந்த ஜல்லியைக் காட்டி அத நகத்து என்கிறார், நகர்த்துகிறேன், மடியில் சட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் குழிக்குள் போடுகிறார், பாதி வெளியே விழுகிறது. நான் அவற்றை எடுத்து உள்ளே போடுகிறேன். ஜல்லி நிரம்புகிறது, அதன்மேல் தூள். மேலே ஏறி நின்று திமிசை ஓங்கிப் போடுகிறேன். போடப் போட சத்தம் மாறிக்கொண்டே வருகிறது. டொக் என்றதும் நிறுத்துகிறேன். “மழை வந்தா இதெல்லாம் அரிக்கும்,” என்கிறேன், மூச்சு வாங்குகிறது. “வாய்க்கால் அடைச்சுக்கும், கல்லு பெயரும், செடி முளைக்கும். போட்டா மட்டும் ஆகாதுங்க. வருஷம் பூரா யாராச்சும் வந்து பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஞாயித்துக்கிழமைதான்.”

“அப்பச் சரி,” என்கிறார். பிரேக்கை எடுக்கிறார். சக்கரத்தைப் பிடித்து ஒரு தள்ளு. நான் கல்வரிசைப் பக்கமாக ஒதுங்கி நிற்கிறேன், என் கை நாற்காலியின் பிடிக்குப் போகிறது, எடுத்துக்கொள்கிறேன். முன்சக்கரம் புதுத்தூளில் ஏறுகிறது, மெல்லிய கோடு விழுகிறது, புதையவில்லை. பின்சக்கரமும் ஏறி இறங்குகிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “வரட்டுமா?” என்று கேட்கிறேன். “இரு,” என்கிறார். இரண்டு தள்ளு, ஓய்வு, இரண்டு தள்ளு. அவர் முதுகு, ஈரமான சட்டை, பிறகு சில்வர் ஓக் மரங்கள் மட்டும். ஆல்பர்ட் சார் கீழேயிருந்து யாஸ்மினோடு வருகிறார். கூடப் போகலையாம்மா என்கிறார். இல்லைங்க சார் என்கிறேன். யாஸ்மின் என்னைத் தாண்டிப் போகும்போது சேறு படிந்த என் கால்களைப் பார்த்துவிட்டுப் போகிறாள், அவளும் மறைகிறாள். மேலே நறநற சத்தம் கேட்கிறது, அவருடையது அது, எனக்குத் தெரியும். போகிறது, போகிறது, நின்றுவிடுகிறது. ஓய்வுக்கென்று அகலமாக விட்ட இடம் வந்திருக்கும். பாறை தெரிந்திருக்கும், பார்த்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால். கேட்கிறேன். சத்தம் இன்னும் வரவில்லை. நடந்து போனால் நாலு எட்டில் தெரிந்துவிடும். ஓரக்கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, மெதுவாக, முழுவதும் குடிக்கிறேன்.